உருளைக்கிழங்குக்காக மூடும் பள்ளிக்கூடம்: அமெரிக்காவின் ஒரு மூலையில் இருக்கும் அரூஸ்டுக் கதை

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, இழுத்த இடங்களை வெட்டி, எழுத்தாக்கிய வடிவம் இது.)

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு ஸ்பிரிண்ட் பிளானிங் மீட்டிங். ரெண்டு வருஷம் முன்னாடி, செப்டம்பர் மாசம். நம்ம நேரம் சாயங்காலம் ஆறரை, அவங்களுக்குக் காலையில ஒன்பது. அமெரிக்காவில் இருந்து வேலை பார்க்கும் டீம்மேட் ஒருத்தங்க, "அடுத்த மூணு வாரம் பையனுக்கு ஸ்கூல் இல்ல. காலையில நாலரை மணிக்கே அவனை வேலைக்குக் கொண்டுபோய் விடணும். அதனால மீட்டிங்ல கொஞ்சம் தூங்கி வழிவேன், கண்டுக்காதீங்க"ன்னு சொன்னாங்க.

ஸ்கூல் திறந்தே ஒரு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள மூணு வாரம் லீவா? புயல் ஏதாவதான்னு கேட்டேன். "இல்ல, உருளைக்கிழங்கு"ன்னாங்க.

சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சது, இன்னும் முழுசா விடல.

அவங்க ஊர் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் அரூஸ்டுக் கவுன்ட்டி. கவுன்ட்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கலாம். கலெக்டர் எல்லாம் கிடையாது, ஆனால் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பிரிவு. அமெரிக்க வரைபடத்தின் வடகிழக்கு மூலையில், கனடாவுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் பகுதி இது. மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் கனடாதான். பரப்பளவு சுமார் 17,700 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஜனத்தொகை? 2020 கணக்கெடுப்பில் 67,105. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் ஏதோ ரெண்டு வார்டைச் சேர்த்தால் வரும் கூட்டம், அவ்வளவு பெரிய நிலத்தில் பரவிக் கிடக்கிறது. மெய்ன் மாநிலத்தில் மொத்தம் 16 கவுன்ட்டிகள். ஆனால் அங்கே யாராவது வெறுமனே 'தி கவுன்ட்டி' என்று சொன்னால் அது அரூஸ்டுக் மட்டும்தான். பெயர் சொல்லவே தேவையில்லை.

இப்போ அந்த லீவு. அதற்குப் பெயர் ஹார்வெஸ்ட் பிரேக், அறுவடை விடுமுறை. பொங்கல் லீவு மாதிரி நினைக்காதீங்க. பொங்கல் அறுவடை முடிஞ்ச பிறகு கொண்டாடுறது. இது அறுவடையைப் பண்ணுறதுக்கு விடும் லீவு. அமெரிக்காவின் இந்த வடகிழக்குப் பக்கம் பல பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ திறக்கும். அரூஸ்டுக்கில் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிட்டு, செப்டம்பர் நடுவில் மூடுவார்கள். வழக்கமாக மூன்று வாரம்.

ஏன் சரியாக அந்த மூணு வாரம்? இங்கதான் கொஞ்சம் விவசாயம் தெரிஞ்சுக்கணும். கிழங்கு மண்ணுக்குள் வளர்ந்து முடித்ததும் செடியின் மேல்பகுதியை வேண்டுமென்றே காய வைக்கிறார்கள். அதன் பிறகு ரெண்டு வாரம் போலக் கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டால்தான் தோல் இறுகும். தோல் இறுகாத கிழங்கு சேமிப்பில் தாங்காது. அதே சமயம் ரொம்ப நாள் விட்டால் கடும் உறைபனி மண்ணுக்குள் இறங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஜன்னல்தான் அந்த மூணு வாரம். அதிலும் காலைக் குளிரில் தோண்டினால் சில்லிட்ட கிழங்கு அடிபட்டு உள்ளே கறுத்துப்போகும், அதனால் கொஞ்சம் சூடு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். மழை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. நம்ம பாஷையில சொன்னா, தள்ளிப்போட முடியாத ரிலீஸ் டேட்.

அந்த ஜன்னலுக்குள் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையால் பொறுக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. முதலில் குதிரை, பிறகு டிராக்டர் இழுக்கும் கலப்பை, கிழங்கை மண்ணுக்கு மேலே புரட்டிப் போட்டுக்கொண்டே போகும். பின்னால் குடும்பம் குடும்பமாகக் குனிந்து பொறுக்குவார்கள். கூடையில் பொறுக்கி, மரப் பீப்பாயில் கொட்ட வேண்டும். ஒரு பீப்பாய் 165 பவுண்டு, நம்ம கணக்கில் 75 கிலோ. பீப்பாய் நிறைந்ததும் பொறுக்கியவர் தன் எண் போட்ட டிக்கெட்டை அதில் வைப்பார். எத்தனை டிக்கெட்டோ அத்தனைக்குக் கூலி. எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைகள்கூடப் பொறுக்கியிருக்கிறார்கள். அந்தக் காசில் குளிர்காலக் கோட்டும் பள்ளிக்கூட உடுப்பும் வாங்கியதை அந்தத் தலைமுறை ஆட்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, ஹோல்டன் என்ற ஊரில் முகாம் போட்டு வைத்திருந்த ஜெர்மானியப் போர்க் கைதிகளை வயலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு ஆள் தேவைப்பட்டது.

அந்தக் கூடையைப் பற்றி ஒரு நிமிஷம். அதைப் பின்னியவர்கள் பெரும்பாலும் மிக்மாக், மாலிசீட் பழங்குடியினர். பிரவுன் ஆஷ் என்ற மரத்தின் தண்டை அடித்து அடித்து, வளர்ச்சி வளையங்களைப் பட்டையாக உரித்து எடுத்துப் பின்னுவார்கள். ஈரக் கிழங்கைப் போட்டு நாள் முழுக்க இழுத்தாலும் தாங்கும். அரூஸ்டுக் என்ற பெயரே மிக்மாக் மொழிதான், 'அழகிய நதி' என்று பொருள் சொல்கிறார்கள். கிழங்குப் பொருளாதாரம் மொத்தமும் அவர்கள் நிலத்தில், அவர்கள் கூடையில், பல சமயம் அவர்கள் கையால் நடந்தது. ஆனால் மத்திய அரசின் அங்கீகாரம் ஹோல்டன் மாலிசீட்களுக்கு 1980லும் அரூஸ்டுக் மிக்மாக்களுக்கு 1991லும்தான் வந்தது. இப்போது அந்த மரத்துக்கே ஆபத்து. ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு மெய்ன் மாநிலத்தில் முதன்முதலில் 2018ல் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கே? இதே கவுன்ட்டியின் மடவாஸ்காவில்.

சரி, இந்த இடம் அமெரிக்காவுக்குள் வந்த கதையும் வேடிக்கையானது. 1783 ஒப்பந்தத்தில் எல்லையை 'மேட்டு நிலங்கள்' என்கிற ரீதியில் எழுதி வைத்தார்கள். எந்த மேடு? யாருக்கும் தெரியாது. மோசமான ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. அறுபது வருஷம் ரெண்டு பக்கமும் மரம் வெட்டி, ஒருத்தரை ஒருத்தர் கைது பண்ணி, கடைசியில் 1838-39ல் படைகளே வந்து நின்றன. அமெரிக்க காங்கிரஸ் 50,000 வீரர்களுக்கும் ஒரு கோடி டாலருக்கும் அனுமதி கொடுத்தது. ஆனால் சண்டை நடக்கவே இல்லை. வரலாற்றில் இதற்குப் பெயர் 'அரூஸ்டுக் போர்'. அந்த 1839லேயே, எல்லை முடிவாகும் முன்பே, மெய்ன் இந்தக் கவுன்ட்டியை உருவாக்கிவிட்டது. 1842ல் வெப்ஸ்டர்-ஆஷ்பர்ட்டன் ஒப்பந்தம் செயின்ட் ஜான் நதியை எல்லையாக வரைந்து பிரச்சனையை முடித்தது.

முடித்தது என்றால், வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும். நதிக்கரையில் இருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் பிரச்சனை ஆரம்பம்.

அவர்கள் அகேடியர்கள். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் வாழ்ந்த பிரெஞ்சு விவசாயிகள். 1755ல் தொடங்கி பிரிட்டிஷார் அவர்களைக் கூண்டோடு நாடு கடத்தினார்கள். தப்பியவர்களில் ஒரு பகுதி 1785ல் இந்த நதிப் பள்ளத்தாக்கின் ரெண்டு கரையிலும் வந்து குடியேறியது. கியூபெக்கில் இருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ரெண்டு கரையும் ஒரே ஊர், ஒரே உறவு. 1842ல் நதிக்கு நடுவே கோடு விழுந்ததும், அண்ணன் அமெரிக்கன், தம்பி பிரிட்டிஷ் பிரஜை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இன்றும் அந்தக் கோட்டைக் கேலி பண்ணுவது போல ஒரு விஷயம் அங்கே நடக்கிறது. நதியின் கனடா கரையில் எட்மன்ஸ்டன், அமெரிக்கக் கரையில் மடவாஸ்கா. எட்மன்ஸ்டனில் மரக்கூழ் தயாரிக்கிறார்கள். அது குழாய் வழியாக, சர்வதேச எல்லையைத் தாண்டி, மடவாஸ்கா ஆலைக்கு வந்து காகிதமாகிறது. ஒரே ஆலை, ரெண்டு நாடு. மனுஷனுக்குப் பாஸ்போர்ட் வேணும், கூழுக்கு வேண்டாம்.

பள்ளிக்கூடக் கதைக்குத் திரும்புறேன், ஏன்னா பள்ளி இங்கே கிழங்குக்கு மட்டும் வளைந்து கொடுத்தது, மொழிக்கு வளையவில்லை. 1919ல் மெய்ன் ஒரு சட்டம் போட்டது: அரசுப் பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில் மட்டும். பிரெஞ்சு மொழி வகுப்பு தவிர வேறெங்கும் பிரெஞ்சு கூடாது. வீட்டில் ஆங்கிலமே கேட்டிராத பிள்ளை முதல் நாள் பள்ளிக்குப் போகும், கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். விளையாட்டு மைதானத்தில் பிரெஞ்சு பேசி மாட்டினால் 'இனி பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அந்தச் சட்டம் 1969ல்தான் நீங்கியது. இதன் விளைவு சுலபமா கணிக்கக்கூடியது. அடி வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசியது. என் டீம்மேட்டோட பாட்டி அந்தப் பள்ளத்தாக்குதான். "பாட்டிக்கு பிரெஞ்சு, அம்மாவுக்குப் புரியும், எனக்குக் கெட்ட வார்த்தை மட்டும் தெரியும்"னு அவங்க ஒரு தடவை சொன்னாங்க. இதைக் கேட்கும்போது நம்மில் சில பேருக்கு, ஆங்கில மீடியத்தில் தமிழ் பேசினதுக்கு ஃபைன் கட்டினது ஞாபகம் வந்தா, தப்பில்ல.

மொழி போனாலும் சாப்பாடு போகல. ப்ளாய் என்று ஒரு ஐட்டம். ஒரு வகைப் பக்வீட் மாவோடு கொஞ்சம் கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், தண்ணீர். கல்லில் ஊற்றினால் மேலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை விழும். திருப்பிப் போடக் கூடாது, ஒரு பக்கம் மட்டும்தான் வேகணும். ஆமாங்க, ஆப்பத்தோட தூரத்துச் சொந்தம். வெண்ணெயும் மேப்பிள் சிரப்பும் தடவிச் சாப்பிடலாம், இல்ல கோழிக் குழம்பு மாதிரியான ஸ்டியூவில் தோய்க்கலாம். ஃபோர்ட் கென்ட் ஊரில் வருஷா வருஷம் இதுக்கு ஒரு விழா. 12 அடி அகலத்துக்கு ஒரே ப்ளாய் ஊத்துவாங்க.

இப்போ பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது. அரூஸ்டுக் மண் கிழங்குக்கு ஏத்த மண், கோடையில் பகல் நீளம். ஆனால் விளைந்ததை நகரங்களுக்குக் கொண்டுபோக வழியில்லாதவரை, கிழங்கை அரைத்து ஸ்டார்ச் ஆக்கித் துணி ஆலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1891ல் உருவான பேங்கர் அண்ட் அரூஸ்டுக் ரயில்வே எல்லாவற்றையும் மாற்றியது. பாதை வந்ததும் நிலையத்துக்கு நிலையம் உருளைக்கிழங்குக் கிடங்குகள் முளைத்தன. பாதி உடம்பை மேட்டுச் சரிவுக்குள் புதைத்துக் கட்டிய கட்டிடங்கள். வெளியே எவ்வளவு உறைந்தாலும் மண்ணின் கதகதப்பில் உள்ளே கிழங்கு உறையாது. 1940களில் நாட்டிலேயே அதிகம் உருளைக்கிழங்கு விளைவித்த மாநிலம் மெய்ன். 2 லட்சம் ஏக்கருக்கு மேல். ஐடஹோ எல்லாம் அப்புறம்.

அப்புறம் வந்தது 1969 குளிர்காலம். அரூஸ்டுக் ரயில் மெய்ன் எல்லைக்குள் மட்டும்தான் ஓடும். அதைத் தாண்டிப் பெட்டிகளை வேற கம்பெனிகள் இழுத்துப் போகணும். அதில் முக்கியமானது பென் சென்ட்ரல். ரெண்டு பெரிய ரயில் கம்பெனிகள் 1968ல் இணைந்து உருவானது. ரெண்டோட கம்ப்யூட்டர் சிஸ்டமும் ஒன்றோடு ஒன்று பேசவில்லை. எந்தப் பெட்டி எங்கே நிற்குதுன்னே தெரியாத நிலை. அந்தக் குளிர்காலத்தில் அரூஸ்டுக் கிழங்குப் பெட்டிகள் யார்டுகளில் சிக்கி நின்றன, ஹீட்டர்கள் அணைந்தன, கிழங்கு உறைந்து வீணானது. பல விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். மிச்சம் இருந்தவர்கள் ரயிலை நம்புவதையே விட்டுவிட்டு லாரிக்கு மாறினார்கள். பென் சென்ட்ரல் 1970 ஜூனில் திவாலானது. டேட்டா மைக்ரேஷன் சரியாப் பண்ணலன்னா என்ன ஆகும்னு எனக்கு யாராவது இன்னொரு பிரசன்டேஷன் போட்டா, இந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

ரயில் மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடியே பாசன வசதியோடு மேற்கு மாநிலங்கள் முந்திவிட்டன. அமெரிக்கர்கள் வீட்டில் கிழங்கு வேக வைப்பதை விட்டு ஃபிரெஞ்சு ஃபிரைஸுக்கு மாறினார்கள். இன்று மெய்ன் முழுவதும் சேர்த்து 50 ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர்தான், பெரும்பகுதி இங்கேதான். ஈஸ்டன் ஊரில் பெரிய ஃபிரைஸ் தொழிற்சாலை, சிப்ஸுக்குக் கொஞ்சம், மற்ற மாநிலங்களுக்கு விதைக் கிழங்கு. ஏக்கர் குறைந்தாலும் விடவில்லை: பிரெஸ்க் ஐல் ஊரில் இருக்கும் மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணையில் உருவாக்கிய 'கேரிபூ ரசட்' ரகம் 2015ல் வெளிவந்தது. 2022 தொடக்கத்தில் இன்னொரு விசித்திரம். மேற்கில் வறட்சி, இங்கே அமோக விளைச்சல். மெய்ன் கிழங்கு நாட்டைக் குறுக்கே கடந்து வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனது, அதுவும் ரயிலில்.

அடுத்த அடி ராணுவத்தில் இருந்து. லைம்ஸ்டோன் ஊரில் லோரிங் விமானப் படைத்தளம் இருந்தது, பனிப்போர்க் காலத்து பி-52 குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடம். சோவியத் ஒன்றியம் உடைந்தது, 1994ல் தளத்தை மூடினார்கள். 1960ல் இந்தக் கவுன்ட்டியில் 1,06,064 பேர். 2020ல் 67,105. மூணில் ஒரு பங்குக்கு மேல் காணோம். மூடிய தளத்தின் ஓடுபாதையில் 1997ல் ஃபிஷ் என்ற ராக் பேண்ட் விழா நடத்தி, அந்த வார இறுதிக்கு மட்டும் அதை மெய்ன் மாநிலத்தின் மிகப் பெரிய 'நகரம்' ஆக்கினது தனிக் கதை. எனக்குப் பிடிச்சது வேற: 1995ல் லைம்ஸ்டோனிலேயே கணிதம், அறிவியலுக்கென்று ஒரு அரசு உண்டு உறைவிடப் பள்ளி திறந்தார்கள்.

அப்புறம் அந்தச் சூரியக் குடும்பம். பிரெஸ்க் ஐல் பல்கலைக்கழகக் கட்டிடத்தில் சூரியன். அங்கிருந்து ரூட் ஒன் நெடுஞ்சாலையோரமா, வயல்களுக்கு நடுவில், கம்பத்தின் மேல் கிரகங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கும் தூரம் இங்கே ஒரு மைல். 40 மைல் தள்ளி ஹோல்டனில் புளூட்டோ. 2003ல் மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வைத்தது. இடம் நிறைய இருக்கிற ஊருக்குத்தான் இப்படி யோசனை வரும்.

ஜூலையில் போனீங்கன்னா கிழங்குச் செடி பூக்கும் நேரம். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா என்று மேடு பள்ளமெல்லாம் நிறம். ஃபோர்ட் ஃபேர்ஃபீல்டில் பொட்டேட்டோ பிளாசம் திருவிழா, ஊர்வலம், ராணிப் போட்டி, மசித்த உருளைக்கிழங்குத் தொட்டியில் மல்யுத்தம். ஊர்ப் பெருமையை இவ்வளவு சிரிச்சுக்கிட்டே கொண்டாடுற இடம் எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா அந்த மூணு வார லீவு? இப்போது தோண்டுவது பெரிய ஹார்வெஸ்டர் இயந்திரம். பிள்ளைகள் குனிந்து பொறுக்குவதில்லை; இயந்திரத்தின் மேல் நின்று, ஓடும் பட்டையில் வரும் கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கிப் போடுகிறார்கள். ஆள் குறைவாகவே தேவை. வேலைக்குப் போகும் மாணவர்களும் குறைந்துவிட்டார்கள். சில பள்ளி மாவட்டங்கள் லீவை நிறுத்திவிட்டன, சில உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் வைத்திருக்கின்றன. எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு: வேலைக்குப் போகிற பெற்றோர் சின்னப் பிள்ளைகளை மூணு வாரம் எங்கே விடுவாங்க? பத்துப் பேர் வயலுக்குப் போறதுக்காக நூறு பேர் படிப்பு ஏன் தடைப்படணும்? எனக்கே ஓட்டு இருந்தா எதுக்குப் போடுவேன்னு தெரியல. கையால் பொறுக்கின காலத்தை நான் ரொமான்டிக்கா நினைக்கவும் தயாரில்ல. பத்து வயசுப் பிள்ளையின் முதுகுவலி அது. ஆனா இன்னொரு பக்கம், இன்னைக்கும் அந்த மூணு வாரத்தில் சில விவசாயிகளுக்கு அந்தப் பிள்ளைகள் இல்லன்னா ஆள் கிடையாது. ஊருக்கே ஆள் இல்லை, அதுதான் அடிப்படைப் பிரச்சனை.

என் டீம்மேட்டே காலேஜுக்காக ஊரை விட்டுப் போனவங்கதான். பதினெட்டு வருஷம் பாஸ்டன். ரிமோட் வேலை கிடைச்ச பிறகுதான் திரும்பி வந்தாங்க. அவங்க பள்ளி மாவட்டத்தில் போன வருஷம் பெற்றோர்களுக்கு ஒரு சர்வே அனுப்பினாங்களாம்: லீவு வேணுமா, வேண்டாமா. "என்ன போட்டீங்க?"ன்னு கேட்டேன். "ரெண்டு நாள் திறந்தே வெச்சிருந்தேன், அப்புறம் வேணும்னு போட்டேன். பையன் வேண்டாம்னு போடச் சொன்னான், அவனுக்குத் தூக்கம் வேணுமாம்"னாங்க. இந்த வருஷமும் லீவு விட்டாங்க. பையனும் போனான், முதல் வாரச் சம்பளத்தில் ஹெட்போன் வாங்கினான். மீட்டிங்கில் அவங்க கேமராவை ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க. தூங்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் எதுவும் கேட்கல.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்தில். உங்க ஊர்ல ஸ்கூல் காலண்டரையே மாத்தின பயிரோ தொழிலோ இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, நல்லதா இருந்தா அதுலேயே போட்டுடலாம்.